ஆகஸ்ட் மாதப் புள்ளிப்பட்டியலை எப்படிப் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியக் கால்பந்துப் பருவம் தொடங்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் உங்கள் விளையாட்டுப் பக்கம் நான்கைந்து லீக்குகளின் புள்ளிப்பட்டியல்களுக்கு இடம் ஒதுக்குகிறது. அதற்கு நன்றி. ஒரே அணியோடு நிற்காமல் இங்கிலாந்தில் ஒன்று, ஸ்பெயினில் ஒன்று, ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இன்னொன்று என மூன்று நான்கு அணிகளைப் பின்தொடரும் வாசகர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அத்தனை ஆட்டங்களையும் யாராலும் பார்க்க முடியாது என்பதால் அவர்கள் பட்டியலைத்தான் நம்புகிறார்கள். ஆனால் மூன்றே ஆட்டம் முடிந்த பட்டியலின் தலையில் ‘தள்ளாடும் சாம்பியன்’ என்றும் ‘அசைக்க முடியாத முதலிடம்’ என்றும் தலைப்பு ஏறும்போது வாசகர் தவறான முடிவுக்குப் போகிறார். அந்தப் பட்டியலில் எது விடுபட்டிருக்கிறது, வாசகரே அதை எப்படி நிரப்பிக்கொள்ளலாம், உங்கள் பக்கத்தில் என்ன மாற்றம் செய்தால் போதும் என்று சொல்வதற்கே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். ஆகஸ்டில் இங்கிலாந்து நம் கடிகாரத்துக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கிலாந்தின் மேல் பிரிவான பிரீமியர் லீக்கின் சனிக்கிழமை ஆட்டங்கள் அங்கே பகல் 12.30, 3.00, மாலை 5.30, சில வாரங்களில் இரவு 8.00 மணிக்குத் தொடங்கும். நமக்கு அவை மாலை 5.00, இரவு 7.30, 10.00, நள்ளிரவு 12.30. ஜெர்மனியின் பண்டஸ்லிகாவில் சனிக்கிழமையின் பெரும்பாலான ஆட்டங்கள் நம் நேரம் இரவு 7.00 மணிக்கு ஒன்றாகத் தொடங்கும்; அன்றைய பெரிய ஆட்டம் 10.00 மணிக்கு. ஸ்பெயினின் கடைசி ஆட்டம் பெரும்பாலும் 12.30, இத்தாலியில் 12.15. ஆக, ஞாயிறு காலைப் பதிப்பு அச்சுக்குப் போகும் நேரத்தில் ஜெர்மனியின் சனிக்கிழமை ஏறக்குறைய முடிந்திருக்கும். ஸ்பெயினும் இத்தாலியும் பாதி வழியில் நிற்கும். நான்கு பட்டியலையும் அருகருகே பார்க்கும் வாசகருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு என்றே தோன்றும். இதில் இடப் பற்றாக்குறையால் சில நாட்களில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைக் காட்டும் பத்தியும் காணாமல் போகிறது. மற்ற மாதங்களில் அது பரவாயில்லை. ஆகஸ்டில் அந்தப் பத்தி இல்லாத பட்டியலால் பயன் இல்லை: இரண்டு ஆட்டத்தில் 6 புள்ளி எடுத்த அணி, மூன்று ஆட்டத்தில் 7 புள்ளி எடுத்த அணிக்குக் கீழே நிற்கும், ஏன் என்று புரியாது.

நள்ளிரவு ஆட்டங்களின் தேதியும் தொல்லைதான். ‘சனி இரவு 12.30’ என்று போட்டால் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை இரவே கண் விழித்து உட்காருவார்கள். ‘சனி இரவு விடிந்தால் ஞாயிறு 12.30’ என்று போட்டுவிட்டால் குழப்பம் இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவின் பெரும்பகுதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறது. அந்த வாரக் கடைசியில் சனிக்கிழமை ஆட்டங்கள் பழைய கணக்கிலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் புதிய கணக்கிலும் வரும். இங்கிலாந்தில் ஞாயிறு பகல் 2.00 மணி ஆட்டம் அதுவரை நமக்கு மாலை 6.30, அன்றிலிருந்து 7.30. ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் இரவு ஆட்டம் 12.30 மணியிலிருந்து 1.30 மணிக்குப் போய்விடும். மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் இரவு ஆட்டங்களை அக்டோபருக்குள் பார்த்து முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, சமப் புள்ளி எடுத்தால் யார் மேலே என்ற விதி. இது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் கோல் வித்தியாசம் (அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்தது), பிறகு அடித்த கோல். ஸ்பெயினில் பருவ முடிவில் அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவுதான் முதலில் பார்க்கப்படும். 2006-07 பருவத்தில் ரியல் மாட்ரிடும் பார்சிலோனாவும் 76 புள்ளியில் முடித்தன. கோல் வித்தியாசத்தில் பார்சிலோனா வெகு தூரம் முன்னால் இருந்தும் கோப்பை மாட்ரிடுக்குப் போனது, காரணம் நேருக்கு நேர் ஆட்டங்களில் 2-0, 3-3. இத்தாலியிலும் நேருக்கு நேர் கணக்குத்தான்; ஆனால் முதலிடத்துக்கே சமநிலை வந்தால் 2022-23 முதல் தனியாக ஓர் ஆட்டம் வைத்துத் தீர்க்க வேண்டும் என்பது விதி.

இதை ஆகஸ்டில் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? பார்சிலோனா ஒரு சிறிய அணியை ஆறு கோலில் வென்றால் அது சந்தோஷம், அவ்வளவுதான். மான்செஸ்டர் சிட்டி அதையே செய்தால் அந்த ஆறு கோல் மே மாதம் வரை கணக்கில் நிற்கும். 2011-12 பருவத்தில் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் 89 புள்ளியில் முடித்தன. கோல் வித்தியாசம் 64-க்கு 56. அக்டோபர் 23 அன்று யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் சிட்டி 6-1 என்று வென்ற அந்த ஓர் ஆட்டமே இரண்டு அணிக்கும் இடையில் 10 கோல் நகர்வை உண்டாக்கியிருந்தது. இதைவிடக் கொடுமையான கதை டினாமோ ஜாக்ரெபுடையது. 2024-25 சாம்பியன்ஸ் லீக்கில் முதல் ஆட்டத்திலேயே பயர்ன் மியூனிக்கிடம் 9-2 என்று தோற்றது. மீதி ஏழு ஆட்டங்களில் அடித்ததும் வாங்கியதும் பத்துக்குப் பத்து. 11 புள்ளி எடுத்தது. அதே 11 புள்ளி எடுத்த கிளப் புரூஹ், அடுத்த சுற்றுக்குப் போகும் கடைசி இடமான 24ஆவது இடத்தில் தப்பித்தது. ஜாக்ரெப் 25ஆவது இடத்தில் வெளியேறியது. கோல் வித்தியாசம் மைனஸ் 4-க்கு மைனஸ் 7. முதல் இரவில் 9-2 என்பதற்குப் பதில் 5-2 என்று தோற்றிருந்தால் நிலைமையே வேறு. நான்கு கோல் வாங்கிய பிறகும் தற்காப்பை விட்டுவிட்டு முன்னேறும் பயிற்சியாளர்களைத் துணிச்சல்காரர் என்று புகழ்கிறோம். செப்டம்பர் மாதத்தில் அந்தத் துணிச்சலுக்கு விலை உண்டு.

இனி, தொடக்கப் பட்டியல் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குப் பழைய கணக்குகள். 2017-18 பருவத்தில் கிரிஸ்டல் பேலஸ் முதல் ஏழு ஆட்டங்களிலும் தோற்றது, ஒரு கோல்கூட அடிக்காமல். நான்காவது தோல்வியோடு பயிற்சியாளர் ஃபிராங்க் டி போயர் வெளியேற்றப்பட்டார். ராய் ஹாட்சன் வந்தார். எட்டாவது ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் செல்சியை 2-1 என்று வென்று, 44 புள்ளியோடு 11ஆவது இடத்தில் பருவத்தை முடித்தது. அந்த ஏழு தோல்விகளில் மூன்று லிவர்பூல், சிட்டி, யுனைடெட் மைதானங்களில் வந்தவை என்பது பட்டியலில் எங்கும் தெரியாது. மறுபக்கம் 2008-09-இல் ஹல் சிட்டி. முதல்முறையாக மேல் பிரிவுக்கு வந்த அணி, 9 ஆட்டத்தில் 20 புள்ளி, அர்செனலை அர்செனல் மைதானத்திலேயே வென்றது. மீதி 29 ஆட்டங்களில் எடுத்தது 15 புள்ளி. 35 புள்ளியோடு 17ஆவது இடத்தில், கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் மயிரிழையில் தப்பியது. 2023-24-இல் டாட்டன்ஹாம் 10 ஆட்டத்தில் 26 புள்ளி. பதினோராவது ஆட்டத்தில் செல்சியிடம் இரண்டு சிவப்பு அட்டை, இரண்டு முக்கிய வீரர்களுக்குக் காயம், 4-1 தோல்வி. கடைசியில் 66 புள்ளி, ஐந்தாம் இடம். 2007-08-இல் மான்செஸ்டர் யுனைடெட் மூன்று ஆட்டத்தில் இரண்டே புள்ளி எடுத்தது. அந்த ஆண்டு லீக்கையும் சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றது அதே அணிதான். 2011-இல் அர்செனல் மூன்று ஆட்டத்தில் ஒரு புள்ளி, அதில் 8-2 தோல்வி ஒன்று. முடிவில் மூன்றாம் இடம்.

இந்த உதாரணங்களை அடுக்கிவிட்டு ‘தொடக்கத்தைப் பார்க்கவே வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். அது சோம்பேறித்தனம். எதிராளி யார், எந்த மைதானம் என்று சேர்த்துப் படித்தால் மூன்று ஆட்டத்திலும் செய்தி இருக்கிறது. அதற்கு எளிமையான, காகிதமும் பேனாவும் போதுமான ஒரு முறை உண்டு: சென்ற பருவத்தின் அதே ஆட்டத்தோடு ஒப்பிடுவது.

செய்முறை இது. உங்கள் அணி இந்தப் பருவத்தில் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும், அதே எதிராளியோடு அதே மைதானத்தில் சென்ற பருவத்தில் எத்தனை புள்ளி (வெற்றிக்கு 3, டிராவுக்கு 1) எடுத்தது என்று எழுதுங்கள். கீழ்ப் பிரிவுக்கு இறங்கிப்போன அணிகளுக்குப் பதில், ஏறிவந்த அணிகளை வரிசைப்படி பொருத்துங்கள்: 18ஆம் இடத்தில் முடித்த அணியின் இடத்தில் கீழ்ப் பிரிவின் சாம்பியன், 19-க்கு இரண்டாம் இடம், 20-க்கு பிளே-ஆஃப் என்னும் கூடுதல் தகுதி ஆட்டங்கள் வழியாக வந்த அணி. இந்த ஆண்டுப் புள்ளியிலிருந்து சென்ற ஆண்டுப் புள்ளியைக் கழியுங்கள். கூட்டல் வந்தால் முன்னேற்றம், கழித்தல் வந்தால் சறுக்கல்.

லிவர்பூலின் 2025-26 தொடக்கத்தை வைத்துப் போட்டுப் பார்ப்போம். முதல் ஐந்து ஆட்டம்: போர்ன்மவுத் சொந்த மைதானத்தில், நியூகாசில் வெளியில், அர்செனல் சொந்த மைதானத்தில், பர்ன்லி வெளியில், எவர்டன் சொந்த மைதானத்தில். ஐந்திலும் வெற்றி, 15 புள்ளி. அதற்கு முந்தைய பருவத்தில் இதே ஆட்டங்கள்: போர்ன்மவுத்தை 3-0 என வென்றது, நியூகாசிலில் 3-3, அர்செனலுடன் 2-2, பர்ன்லிக்கு இணையான இப்ஸ்விச்சில் 2-0 வெற்றி, எவர்டனை 1-0 என வென்றது. மொத்தம் 11. ஆக, கூட்டல் 4. சாம்பியன் அணி இன்னும் மேலே போய்விட்டது என்றுதானே படும்? அடுத்த நான்கு ஆட்டங்கள்: பேலஸில் 2-1, செல்சியில் 2-1, சொந்த மைதானத்தில் யுனைடெட்டிடம் 2-1, பிரென்ட்ஃபோர்டில் 3-2 என்று நான்கும் தோல்வி. முந்தைய பருவத்தில் இதே நான்கில் பேலஸில் வெற்றி, செல்சியில் தோல்வி, யுனைடெட்டுடன் டிரா, பிரென்ட்ஃபோர்டில் வெற்றி; 7 புள்ளி. இப்போது பூஜ்யம். ஒன்பது ஆட்ட முடிவில் 18-க்கு 15, கழித்தல் 3. பட்டியலின் உச்சியில் இருந்த அணி உண்மையில் சென்ற ஆண்டைவிடப் பின்தங்கியிருந்தது.

ஐந்தாவது ஆட்டத்தின் முடிவில் இந்த முறை மட்டும் போதாது என்பதும் இதிலேயே தெரிகிறது. அதற்குத்தான் இன்னொரு பத்தி வேண்டும்: வெற்றிக் கோல் விழுந்த நிமிடம். போர்ன்மவுத்துக்கு எதிராக 2-2 என்று இருந்த ஆட்டத்தில் 88ஆவது நிமிடம். நியூகாசிலில் 100ஆவது நிமிடம். அர்செனலுக்கு எதிராக 83ஆவது நிமிடத்தில் நெடுந்தூர ஃப்ரீ கிக். பர்ன்லியில் கூடுதல் நேரத்தில் பெனால்டி, 95ஆவது நிமிடம். ஐந்தில் நான்கு வெற்றி கடைசிப் பத்து நிமிடத்துக்குள்ளோ அதற்கு அப்பாலோ வந்தவை. கடைசி நேரத்தில் கோல் அடிப்பது நெஞ்சுரத்தைக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அது ஐந்தில் நான்கு முறை நடப்பது நீடிக்காது. உங்கள் அணிக்கு இந்த நிமிடங்களைக் குறித்து வையுங்கள்: 80-க்கு மேல் வந்த வெற்றிகள் பாதிக்கு மேல் இருந்தால் புள்ளியை அப்படியே நம்ப வேண்டாம். கடைசி நிமிடத்தில் விட்டுக்கொடுத்த டிராக்கள் நிறைய இருந்தால் அதே அளவு நம்பிக்கையோடு இருக்கலாம்.

லிவர்பூல் சறுக்கிய வாரங்களைத் தேதியோடு பார்த்தால் மூன்றாவது காரணமும் கிடைக்கும். செப்டம்பர் 14 பர்ன்லி, 17 அட்லெடிகோ மாட்ரிட், 20 எவர்டன், 23 லீக் கோப்பையில் சவுத்தாம்ப்டன், 27 பேலஸ், 30 இஸ்தான்புல்லில் கலாட்டாசராய், அக்டோபர் 4 செல்சி. 21 நாளில் ஏழு ஆட்டம். பேலஸுக்கோ லிவர்பூலுடன் மோதும் முன் ஒரு முழு வாரம் ஓய்வு. ஆகவே குறிப்பேட்டில் எதிராளிக்குப் பக்கத்தில் இரு அணிக்கும் எத்தனை நாள் ஓய்வு என்று எழுதுங்கள். ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் வியாழன் இரவு வெளிநாட்டில் ஆடிவிட்டு ஞாயிறு பகலில் லீக் ஆட்டம் ஆடும் அணிக்கு இது பருவம் முழுக்க இருக்கும் சுமை. இத்தனை வீரர்களை வாங்கிக் குவித்தும் ஏன் தடுமாறுகிறார்கள் என்ற கேள்விக்குப் பல நேரம் பதில் இந்தப் பத்தியில்தான் இருக்கும்.

‘எக்ஸ்பெக்டட் கோல்’ என்ற எண்ணை இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பைப் பழைய ஷாட்டுகளை வைத்துக் கணித்துக் கூட்டுவது அது. பெனால்டிக்கு ஏறக்குறைய 0.78. எனவே இரண்டு பெனால்டி கிடைத்த அணிக்கு வேறொன்றும் செய்யாமலே ஒன்றரைக்கு மேல் வந்துவிடும். பெனால்டியைக் கழித்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அதையும் ஓர் ஆட்டத்துக்குப் பார்த்துப் பயனில்லை. ஐந்து ஆட்டத்தின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். முன்னிலை பெற்ற அணி பின்வாங்கி நிற்கும், எதிராளி தூரத்திலிருந்து அடித்து அடித்தே எண்ணை ஏற்றிக்கொள்வான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சிவப்பு அட்டை விழுந்த ஆட்டத்தைக் கணக்கிலிருந்து தனியே ஒதுக்கிவிடுவதே மேல். 2025 ஆகஸ்டில் பார்சிலோனா மயோர்காவில் 3-0 என்று வென்றது; இடைவேளைக்கு முன்பே மயோர்காவுக்கு இரண்டு சிவப்பு அட்டை. ஒன்பது பேரோடு ஆடிய அணியை வைத்து எதையும் அளக்க முடியாது.

பார்சிலோனாவின் அந்தத் தொடக்கத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. சொந்த மைதானமான கேம்ப் நோவின் புதுப்பிப்பு முடியாததால் முதல் மூன்று ஆட்டமும் வெளியூர்: மயோர்கா, லெவான்டே, ராயோ வயேகானோ. மூன்றில் 7 புள்ளி, அதில் லெவான்டேயில் இரண்டு கோல் பின்தங்கி, கூடுதல் நேரத்தில் எதிரணி தன் வலையிலேயே போட்ட கோலால் 3-2. நான்காவது ஆட்டத்தைச் சுமார் 6,000 பேர் அமரும் யோஹான் கிராய்ஃப் அரங்கில் ஆடி வாலென்சியாவை 6-0 என்று வென்றார்கள். வெளியூரில் மூன்று ஆட்டத்தில் 7 புள்ளி என்பது நல்ல கணக்கு. பட்டியல் அதைச் சொல்லாது. பிரீமியர் லீக்கில் வழக்கமாக எந்த ஐந்து ஆட்டத்தை எடுத்தாலும் மூன்று சொந்த மைதானம், இரண்டு வெளியூர், அல்லது இரண்டும் மூன்றுமாக இருக்கும்படி அட்டவணை போடுவார்கள். மைதான வேலை நடந்தால் மட்டும் விதி தளரும். 2016-இல் லிவர்பூலும் இப்படி முதல் மூன்றை வெளியில்தான் ஆடியது.

வீரர் பரிமாற்றம் முடியும் தேதியும் பட்டியலைக் குழப்புகிறது. 2018, 2019 ஆண்டுகளில் பிரீமியர் லீக் பருவம் தொடங்கும் முன்பே கதவைச் சாத்திப் பார்த்தது. மற்ற நாடுகள் பின்பற்றாததால் 2020-இல் கைவிட்டது. 2025-இல் கதவு மூடியது செப்டம்பர் 1, நம் நேரம் இரவு 11.30. அதற்குள் மூன்று சுற்று முடிந்துவிட்டன. கடைசி நாளில் 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் வந்த முன்கள வீரர் இசாக், அதுவரை இருந்த நியூகாசிலுக்காக அந்த மூன்றிலும் இறங்கவில்லை. பருவத்துக்கு முந்தைய பயிற்சியும் இல்லை. அதனால் நியூகாசிலின் முதல் மூன்று முடிவுகளும் வேறு ஓர் அணியின் முடிவுகள் போலத்தான். இத்தாலியில் 2024-25-இல் நாப்போலி முதல் ஆட்டத்தில் வெரோனாவிடம் 3-0 என்று தோற்றது. புது வீரர்கள் லுகாகுவும் மெக்டோமினேயும் சேர்ந்தது ஆகஸ்ட் மாதக் கடைசி நாட்களில். லுகாகு 14 கோல், மெக்டோமினே 12 கோல். இன்டரைவிட ஒரு புள்ளி கூடுதலாக 82 புள்ளியில் நாப்போலி சாம்பியன். என் கருத்தில், கதவு மூடிய பிறகு வரும் முதல் ஆட்டத்திலிருந்து புதுக் கணக்குத் தொடங்குவதே சரி. அதற்கு முந்தையவற்றைப் பென்சிலில் எழுதுங்கள்.

கோடையில் பெரிய போட்டி நடந்த ஆண்டுகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2025 ஜூலை 13 அன்று கிளப் உலகக் கோப்பை இறுதி ஆடிய செல்சியும் பாரிஸ் செயின்ட் ஜெர்மனும் ஆகஸ்ட் நடுவில் மறுபடி களம் இறங்கின. 2026 உலகக் கோப்பை இறுதி ஜூலை 19. அந்த ஆண்டுத் தொடக்கத்துக்கு உங்கள் அணியிலிருந்து எத்தனை பேர் ஜூலை மாதத்தில் ஆடினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்துக்கு மேல் என்றால் முதல் மாதத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சர்வதேச இடைவேளையும் 2026 முதல் மாறுகிறது. செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று இருந்தவை செப்டம்பர் 21 முதல் அக்டோபர் 6 வரை நான்கு ஆட்டம் கொண்ட ஒரே நீண்ட இடைவேளையாகின்றன. தென் அமெரிக்க வீரர்கள் இரண்டு முறை கடல் கடப்பது ஒன்றாகக் குறையும். பட்டியலைப் படிப்பவருக்கும் வசதி: இடைவேளைக்கு முன், பின் என்று தொடக்கத்தை இரண்டாக வெட்டிக்கொள்ளலாம்.

சாம்பியன்ஸ் லீக்கின் புதிய முறைக்கு வருவோம். 36 அணி, ஒரே பட்டியல், ஆளுக்கு எட்டு ஆட்டம். முதல் எட்டு இடம் நேரே கடைசி 16-க்கு, 9 முதல் 24 வரை பிளே-ஆஃப், மற்றவை வெளியே. குலுக்கலுக்காக அணிகளைப் பிரித்த நான்கு தொட்டிகளிலிருந்து தொட்டிக்கு இரண்டு எதிராளி, ஒன்று சொந்த மைதானத்தில், ஒன்று வெளியில். எட்டும் சேர்ந்தால் சுமை ஓரளவு சமம். ஆனால் எது முதலில் வரும் என்பது அட்டவணையின் கையில். 2024-25-இல் பாரிஸ் அணி முதல் ஐந்தில் அர்செனல், அட்லெடிகோ, பயர்ன் மூவரையும் சந்தித்து 4 புள்ளியில் நின்றது. மீதி மூன்றையும் வென்று 13 புள்ளி, 15ஆம் இடம். பிறகு பிளே-ஆஃபில் பிரெஸ்ட்டைத் தாண்டி, மே 31 அன்று மியூனிக்கில் இன்டரை 5-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: மீதமுள்ள எதிராளிகள் எந்தத் தொட்டியைச் சேர்ந்தவர்கள் என்று பாருங்கள். முதல் தொட்டி இரண்டும் முடிந்துவிட்டதா, இன்னும் பாக்கியா? நவம்பர் வரை இடத்தைவிட இது முக்கியம். அந்தப் பருவத்தில் 8ஆம் இடத்துக்கு 16 புள்ளி தேவைப்பட்டது, 24-க்கு 11.

நான்கு அணி வைத்திருப்பவர் எதைப் பார்ப்பது, எதை விடுவது? இரண்டு சர்வதேச இடைவேளைக்கு நடுவே பெரிய அணி ஒன்று ஏழு ஆட்டம் வரை ஆடும் என்றால் நான்குக்கு 28. அத்தனையும் பார்ப்பவர் வேறு வேலை இல்லாதவராக இருக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஓர் அணியின் ஒரே ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள், அதுவும் நடு இடத்து அணி ஒன்றின் மைதானத்தில் நடக்கும் ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள். பெரிய அணிகள் மோதும் ஆட்டத்தில் இருவருமே எச்சரிக்கையாக ஆடுவார்கள். சொந்த மைதானத்தில் பலவீனமான அணியோடு ஆடினால் தற்காப்பின் தரம் தெரியாது. மற்ற ஆட்டங்களுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால் வரும் பதினொருவர் பட்டியலையும் மாற்று வீரர்களையும் மட்டும் பாருங்கள். யார் மூன்று முறை தொடர்ந்து உட்காரவைக்கப்படுகிறார் என்பதில் பயிற்சியாளரின் எண்ணம் முழுக்க இருக்கிறது. ஐந்து நிமிடக் காட்சித் தொகுப்பு அணியை அளக்க உதவாது. அதில் கோலும் கோலாகாத ஷாட்டும்தான் இருக்கும். நடுக்களத்தில் பந்தை எங்கே இழக்கிறார்கள் என்பது இருக்காது. மஞ்சள் அட்டையையும் எண்ணி வையுங்கள். பிரீமியர் லீக்கில் முதல் 19 ஆட்டத்துக்குள் ஐந்து வாங்கினால் ஓர் ஆட்டத் தடை. நடுக்களத் தற்காப்பு வீரர்களுக்கு இது அக்டோபர், நவம்பரில் வந்து விழும்.

உங்களிடம் கேட்பது அதிகம் இல்லை. பட்டியலுக்குக் கீழே ‘இன்று இரவு இத்தனை மணி வரை முடிந்த ஆட்டங்கள்’ என்று ஒரு வரி. ஆடிய ஆட்டங்களின் பத்தியை எந்த நாளும் நீக்க வேண்டாம். இடம் தேவைப்பட்டால் அடித்த கோல், வாங்கிய கோல் இரண்டையும் எடுத்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் வையுங்கள். பத்தாவது சுற்று வரை சொந்த மைதானம், வெளியூர் என்று ஆட்ட எண்ணிக்கையைப் பிரித்துக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் வாரக் கடைசி ஆட்டங்களை நம் நேரப்படி, நாடு வாரியாக இல்லாமல் மணி வாரியாக அடுக்கினால் நான்கு லீக்கைப் பின்தொடர்பவர் ஒரே பார்வையில் மோதல்களைக் கண்டுகொள்வார். சென்ற பருவத்தின் அதே ஆட்டத்தோடு ஒப்பிட்ட கூட்டல் கழித்தல் எண்ணை, எல்லா அணிக்கும் வேண்டாம், ஒவ்வொரு லீக்கிலும் முதல் ஆறு அணிக்கு மட்டும், மாதம் ஒருமுறை போடுங்கள். செய்தியறையில் ஒருவர் அரை மணி நேரத்தில் கணக்கிட்டுவிடலாம்.

இப்படிக்கு,
கால்பந்துப் பக்கத்தை முதலில் பிரிக்கும் வாசகர்,
திருச்சி